ஒலிக்கலவையும் நம் ஊர்க் காதுகளும்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஆம்பூர் மண்ணில் பிறந்து, ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய், ஒலிப்பதிவுக் கூடங்களில் காலம் கழித்தவன் நான். "என்ன வேலை?" என்று ஊரில் கேட்பார்கள். "மிக்ஸிங் இன்ஜினியர்" என்றால், "சிமெண்ட் மிக்ஸிங்கா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் மேல் தவறில்லை. எங்கள் வேலை சரியாக நடந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

ஒரு பாட்டில் பாடகர் குரல், தபேலா, வயலின், கீபோர்டு, கோரஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகி வருகிறது. எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே போக வேண்டும், எது இடப்புறம், எது வலப்புறம் என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொடுப்பதுதான் ஒலிக்கலவை. டேனரியில் 'செலக்‌ஷன்' பார்ப்பவரை நீங்கள் அறிவீர்கள். தோலின் மேல் கையை ஓட்டியே, இது எந்தத் தரம், எங்கே குறை என்று சொல்லிவிடுவார். அவருக்குக் கை எப்படியோ, எங்களுக்குக் காது அப்படி.

முற்காலத்தில் இந்த வசதி இல்லை. கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடகரும் அப்போதே பாட வேண்டும். பொறியாளர் அந்த நிமிடத்திலேயே கலந்து முடிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான். பின்னர் பல தடங்கள் கொண்ட டேப் வந்தது, அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

இந்தத் துறையில் நம் தமிழ்நாட்டில் மறக்கக் கூடாத பெயர் எச். ஸ்ரீதர். 1992இல் வந்த 'ரோஜா' முதல் ஏ. ஆர். ரஹ்மானின் இசைக்குப் பின்னால் இருந்த பொறியாளர் அவர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்றார். அவற்றுள் மூன்றைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். 2008 டிசம்பர் 1ஆம் நாள் காலமானார். 2010இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' இசைத் தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது, பொறியாளர் என்ற முறையில் அவர் பெயரும் அதில் இருந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அந்த நாட்களில் ரஹ்மானின் கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர், பொறியாளர் பெயர்களைச் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சிறு எழுத்தைப் படித்துத்தான் இப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்குத் தெரியும். நான் கலந்த பல பாட்டுகளில் என் பெயர் இல்லை. அது கிடக்கட்டும்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பலருக்கு அவரைத் தெரியும். டேனரியில் ஷேவிங் மிஷினில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். 1998இல் நம் பாடகர் குழுவின் பாட்டுகளைக் கேசட்டாகப் போட்டோமே, நினைவிருக்கிறதா? நான்தான் கலந்தேன். இளம் வயது, கற்ற வித்தை எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். கீபோர்டு ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம், எதிரொலி வேறு. பெருமையோடு அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டேய், பாட்டு நல்லாத்தான் இருக்குது. என்ன பாடுறாங்கன்னுதான் வெளங்கல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு இசை தெரியாது என்று நினைத்தேன். பிறகு வேலூருக்கு அழைத்துப் போய்க் காதைச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு காதுகளிலும் மேல் ஸ்தாயி ஒலிகள் பெரும்பகுதி போய்விட்டிருந்தன. மிஷின் இரைச்சல் காதைக் கெடுக்கும்போது முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான். உயிரெழுத்துகளில் பலம் இருக்கிறது. அவை காதில் விழும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, அவை நழுவிவிடும். 'கரம்', 'தரம்', 'பரம்' மூன்றும் அவருக்கு ஒன்றுதான். ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. வீட்டில் நாங்கள் 'செவிடு' என்று சொல்லாமல், 'கவனிக்கமாட்டார்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் பத்து வருடமாகப் பூசைப் பிரசங்கத்துக்குத் தலையாட்டியது மரியாதைக்காக மட்டுமே என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் முறை மாறியது. குரல் கேட்கவில்லை என்றால் குரலைத் தூக்கமாட்டேன். அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கீபோர்டை அந்த இடத்தில் மட்டும் குறைத்து, குரலுக்கு வழி விடுவேன். யமஹா என்எஸ்-10 என்று ஒரு சின்ன ஸ்பீக்கர், கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு. உலகமெங்கும் ஸ்டூடியோக்களில் பார்க்கலாம். கேட்க இனிமையாக இருக்காது, குறையை மறைக்காது. அதில் மிக மெதுவாக வைத்துச் சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்ப்பேன்.

இப்போது, கோபிக்காமல் கேட்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். பொன்விழா நிதியில் பீடத்துக்கு இருபுறமும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வைக்கப்போவதாக அறிந்தேன். கொடுப்பவர்களின் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. நம் கோவில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம். உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், சிமெண்ட் தரை. ஒலியைக் குடிக்க எதுவும் இல்லை. முன்னால் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். முதல் பெஞ்சில் இருப்பவருக்குக் காது வலிக்கும், கடைசியில் இருப்பவருக்குச் சொல் விளங்காது.

சிறிய, ஒடுக்கமான பெட்டிகளைத் தூணுக்குத் தூண், மக்கள் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். சத்தம் குறைவாகவே போதும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. கம்பியில் மின்சாரம் உடனே போய்விடும். காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும். பீடத்துச் சத்தம் கடைசித் தூணுக்கு வர வினாடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். அந்த அளவு பின்பெட்டிகளைத் தாமதப்படுத்தாவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். அதற்குக் கருவி உண்டு; அமைத்துக் கொடுப்பது என் பொறுப்பு, கூலி வேண்டாம்.

லத்தீன் பூசை நாளில் சொல் விளங்காதது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. தமிழில் பூசை வந்தும், மிஷினில் நின்ற நம் பெரியவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை என்றால் என்ன சொல்வது?

டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகும் தம்பி தங்கைகளே, மூன்றடி தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆபத்து. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது ஒரு கணக்கு. மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். பஞ்சு போதாது, காதடைப்பான் கேளுங்கள். போன காது திரும்பாது. திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் ஸ்பீக்கர் முன்னால் நின்று ஆடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் இரண்டு சிறு பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வந்து தூணில் கட்டிக் காட்டுகிறேன். உபதேசியார் வாசகம் வாசிக்கட்டும். என் அப்பாவைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறேன். என்ன வாசித்தார் என்று பேரவை உறுப்பினர்கள் அவரையே கேட்டுவிட்டுப் பிறகு பணத்தைச் செலவு செய்யுங்கள்.