அறிந்து செய்தவனும் அறியாது நின்றவனும்

(ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று பேசவிருப்பது இனிமையான பொருளன்று. போதைப் பொருள் தயாரித்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் ஒருவர் சட்டத்தின்முன் தம்மை எவ்வாறு தற்காத்துக்கொள்ள இயலும் என்பதே அது. நேர்மையாக உழைத்துண்ணும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வேலை தேடிச் செல்லும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவனுக்குக் கிடைப்பது காவல் வேலை, அல்லது துப்புரவு வேலை. பூட்டிய கடைவீட்டினுள் என்ன நடக்கிறது என்பதை முதலாளி சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் நெடியிலே வளர்ந்தவனுக்கு இரசாயனப் பீப்பாய்களைக் கண்டால் ஐயமும் எழுவதில்லை. ஒரு நாள் போலீசார் நுழைகின்றனர். சாவியோ அவன் கையில் இருக்கிறது. அன்று அவன் என்ன சொல்வான்? அதை யார் நம்புவார்?

நம் நாட்டில் இக்குற்றத்தை ஆள்வது 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப் பொருள் சட்டம். இச்சட்டத்தில் ‘கடத்தல்’ என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு. விற்பதும் சுமந்து செல்வதும் மட்டுமல்ல, தயாரிப்பதும் கடத்தலே. ஆகவே தயாரிப்புக் குற்றச்சாட்டு என்பது 39பி பிரிவின் கீழ் உயிருக்கே உலை வைக்கும் குற்றச்சாட்டாகும். 1975இல் நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டதாக வந்த மரண தண்டனை, 1983இல் கட்டாயமாக்கப்பட்டது.

அதன் கடுமையை இந்தப் பினாங்குத் தீவே கண்டது. 1983 நவம்பரில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் என்னும் இரு வெளிநாட்டினர் ஹெராயினுடன் பிடிபட்டனர். பார்லோவுக்காக வாதாடியவர், இதே ஜார்ஜ் டவுனில் பிறந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங். பெட்டி ஒன்று, ஆட்கள் இருவர். அது எவர் வசம் இருந்தது, எவர் அறிந்திருந்தார் என்பதே வழக்கின் உயிர்நாடி. 1985இல் பினாங்கு உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் எனக் கண்டது. தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அன்று அதிகாரமில்லை. 1986 ஜூலை 7ஆம் நாள் புடு சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. இப்பொழுது நீதிபதி மரண தண்டனையோ, ஆயுட்சிறையுடன் பிரம்படியோ விதிக்கலாம். தூக்குக் கயிறு முற்றாக அகன்றுவிடவில்லை என்பதை மறவாதீர்கள்.

இனித் தற்காப்பின் வழியைக் காண்போம். குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுத் தரப்பையே சாரும். கைப்பற்றிய பொருள் போதைப் பொருள்தான் என்று இரசாயன நிபுணர் சான்று கூற வேண்டும். பிடித்த இடத்திலிருந்து நீதிமன்றம் வரை அப்பொருள் கைமாறிய ஒவ்வொரு கட்டமும் ஐயமற விளக்கப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, குற்றஞ்சாட்டப்பட்டவர் அறிந்தே அத்தொழிலில் ஈடுபட்டார் என்பது புலப்பட வேண்டும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதுபட்டது என்று ஆராய்வதே வழக்கறிஞரின் முதற்பணி.

ஆனால் சட்டம் சில அனுமானங்களையும் செய்கிறது. ஓர் இடத்தைப் பராமரிப்பவராகத் தோன்றுபவரையே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அவ்விடத்தில் குடியிருப்பவராகக் கொள்கிறது. போதைப் பொருள் அடங்கிய எதையும் தம் வசம் வைத்திருந்தவர், அதன் தன்மையை அறிந்தவர் எனக் கொள்கிறது. ஹெராயின் 15 கிராமோ, மெத்தாம்பெட்டமின் 50 கிராமோ, கஞ்சா 200 கிராமோ எட்டிவிட்டால், வைத்திருந்தவர் கடத்தியவர் எனக் கொள்கிறது. சாவி வைத்திருந்த பிள்ளை ஏன் அஞ்ச வேண்டும் என்பது இப்பொழுது விளங்கும்.

ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்றலாமா? கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. அதற்கு இடமளிக்கும் வகையில் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம், அத்திருத்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. ஏழைத் தொழிலாளியின் உயிருக்கும் அரசியலமைப்பு வேலியாக நிற்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் “எனக்குத் தெரியாது” என்னும் வெறுஞ்சொல் எவரையும் காக்காது. 2008இல் ஜொகூரில் மெத்தாம்பெட்டமின் தயாரித்த தொழிற்கூடம் ஒன்றில் மெக்சிகோவைச் சேர்ந்த சகோதரர் மூவர் பிடிபட்டனர். துப்புரவு செய்யவே வந்தோம் என்றனர். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012இல் மரண தண்டனை. 2015இல் கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஜொகூர் சுல்தானின் கருணையாலேயே அவர்கள் உயிர் தப்பி, 2019இல் தாயகம் திரும்பினர்.

பின் எது காக்கும்? காலத்தில் சொல்லப்பட்ட உண்மையே காக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவர் தொடக்கத்திலேயே மற்றொருவரின் பெயரையும் விவரத்தையும் கூறியிருந்தும் போலீசார் விசாரிக்கத் தவறினால், அக்குறை அரசுத் தரப்பையே சாரும் என்பது கூட்டரசு நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு ஒன்றின் சாரம். இறுதியில் முளைக்கும் கதையை நீதிமன்றம் ஐயுறும். முதலில் சொன்ன விவரத்தைப் போலீசார் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, இவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் அரசியலமைப்பின் 5ஆம் விதி உரிமை தருகிறது. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும். இத்தகைய குற்றங்களில் தடுப்புக்காவல் முதலில் 7 நாட்களும் பின்னர் மேலும் 7 நாட்களும் வரை நீளலாம். வழக்கறிஞரைக் கண்டு, வேலை கொடுத்தவர் யார், எந்நாள் முதல், என்ன கூலி, சாவி கொடுத்தது யார் என்பவற்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். படித்துக் காட்டாத தாளில் கையொப்பம் இடலாகாது. மொழி விளங்காவிடில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கமில்லை.

பணமில்லையே என்று கலங்க வேண்டாம். தடுப்புக்காவல் விசாரணையின்போது குடிமக்களுக்கு உதவத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் செயற்பட்டு வருகிறது. மரண தண்டனைக்குரிய வழக்கில் வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

இக்குற்றத்திற்குப் பிணை கிடைக்காது. பிள்ளை உள்ளே இருக்கையில், வெளியே சான்று தேட வேண்டியவர்கள் பெற்றோரே. கூலிச் சீட்டு, வேலைக்கு அழைத்த தொலைபேசிச் செய்தி, உடன் வேலை பார்த்தவரின் முகவரி, இவை ஒவ்வொன்றும் பொன்னினும் அரியவை.

போதைப் பொருள் நம் இளைஞரை அரிக்கும் கரையான். அதனைத் தயாரிப்பவருக்காக நாம் பரிந்து பேசவில்லை. அறிந்து செய்தவன் தண்டனை பெறட்டும். அறியாது நின்றவன் வீடு திரும்பட்டும். இரண்டையும் பிரித்தறிவதற்கே நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு முன்பாக, பட்டணம் புறப்படும் பிள்ளையிடம் இன்றிரவே ஒன்று சொல்லி வையுங்கள்: உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாத முதலாளியின் சாவியைக் கையில் வாங்காதே.