எத்தனை வாய் என்பது பிள்ளையின் கணக்கு



இரவு ஏழரை மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்து போனாலும் ஒரு குரல் காதில் விழும். "ஒரே ஒரு வாய்டா தங்கம், இதோட போதும்." அந்த ஒரு வாய் உள்ளே போனதும், "இது அப்பாவுக்கு ஒரு வாய்." பிறகு தாத்தாவுக்கு, பாட்டிக்கு, காக்காவுக்கு. நிலா காட்டுவார்கள், நாய் காட்டுவார்கள், பூச்சாண்டியைக் கூப்பிடுவார்கள். எதுவும் பலிக்காவிட்டால் போன் வரும். கிண்ணத்தில் இருக்கிற பருப்புச் சாதம் ஆறி, காய்ந்து, ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்வரை இது நடக்கும். ஊட்டுகிறவர் கண்ணிலும் நீர், உண்கிற பிள்ளை கண்ணிலும் நீர்.

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் சாப்பாட்டு வேளை ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நானும் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். நான் சொல்ல நினைப்பது இதுதான்: நல்ல உணவை நேரத்துக்குத் தட்டில் வைப்பது நம் பொறுப்பு. எத்தனை வாய் என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

"விட்டால் பட்டினி கிடக்குமே" என்று கேட்பீர்கள். பிள்ளையின் எடைக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 6 கிலோ ஆகிறது. முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோவை எட்டிவிடுகிறது. ஓராண்டில் ஆறு கிலோ! ஆனால் அடுத்த ஆண்டு முழுவதும் அதே குழந்தை ஏறுவது சுமார் இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வேகம் குறைந்தால் பசியும் குறையும். அதோடு இதுவரை மடியில் கிடந்த பிள்ளை இப்போது நடக்கிறது, ஓடுகிறது, அலமாரியைத் திறந்து பாத்திரங்களை உருட்டுகிறது. கன்னத்துக் கொழுப்பு கரைந்து கை கால் நீள்கிறது. நாம் அதை "இளைச்சுப் போயிட்டான்" என்கிறோம். பிள்ளை உடம்பு தன் வயதுக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்கிறது.

வயிற்றின் அளவையும் யோசிக்க வேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 300 மில்லி. அதில் பாதியைத் தண்ணீரால் நிரப்பினால் என்ன மிஞ்சும்? தொண்டையில் இறங்கட்டும் என்று ரசத்தை ஊற்றி ஊற்றிச் சோற்றைக் கரைத்துவிடுகிறோம். பல் முளைத்த பிறகும் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. கொஞ்சமாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குக் கெட்டியாகக் கொடுப்பதே நல்லது. கையால் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, பருப்போ முட்டையோ சேர்த்துக் கொடுத்தால், பாதிக் கிண்ணமே போதுமான சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "பிள்ளை ஒன்றுமே சாப்பிடவில்லை" என்று சொல்லும் வீட்டில், காலையிலிருந்து வாயில் போனதை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் பால். பத்து மணிக்கு அழுதான் என்று இரண்டு பிஸ்கட். பதினோரு மணிக்கு, காலையில் இட்லி சாப்பிடவில்லையே என்ற கவலையில் மறுபடி பால். தாத்தா கடையிலிருந்து வாங்கி வந்த பாக்கெட் சிப்ஸ். பன்னிரண்டரைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தால் வாய் எப்படித் திறக்கும்? பசியே வரவில்லையே. சோற்றை ஒதுக்கியதற்கு ஈடாக மூன்று மணிக்கு இன்னொரு டம்ளர் பால். இப்படியே இரவு வந்துவிடுகிறது.

பால் நல்லதுதான். ஆனால் ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். டீயும் அப்படித்தான், டீயில் பிஸ்கட்டை நனைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தம் குறைந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் பால் கூடும். பால் கூடினால் ரத்தம் இன்னும் குறையும். இந்தச் சுற்றை அறுக்க முருங்கைக்கீரை, முட்டை, ஈரல், கேழ்வரகு, கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சை அல்லது ஒரு துண்டு நெல்லிக்காய் என்று நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது.

இனி போன் விஷயம். போனைக் கையில் கொடுத்தால் வாய் திறக்கிறது, உண்மைதான். பாட்டு ஓடுகிறது, பிள்ளை கண் கொட்டாமல் பார்க்கிறது, நாம் ஊட்ட ஊட்ட விழுங்குகிறது. ஆனால் என்ன சாப்பிட்டோம், எப்போது வயிறு நிறைந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது. வயிறு சொல்லும் "போதும்" காதில் விழாத பழக்கம் இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்; இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், இரவு எட்டு மணிக்கு மேல் உடம்பில் தெம்பில்லாத நேரத்தில், போனை எடுக்கிற தாய் தகப்பனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே ஒரு வேளையாவது, ஞாயிற்றுக்கிழமை மதியமாவது, போன் இல்லாமல் தொடங்கிப் பாருங்கள். முதல் சில வேளை பிடிவாதம் இருக்கும். பசி எடுத்த பிள்ளை நெடுநேரம் தாங்காது.

ஓட விட்டு ஊட்டுவது, அழும் வாய்க்குள் திணிப்பது, படுக்க வைத்துக் கொடுப்பது மூன்றும் ஆபத்து. உணவு மூச்சுக்குழாயில் போய்விடும். நான்கு வயதுவரை முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் எதுவும் கையில் கொடுக்காதீர்கள். பொடித்தோ, நறுக்கியோ, நசுக்கியோ கொடுக்கலாம்.

அமெரிக்காவில் எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் 1980-களில் ஒரு பாகப்பிரிவினையைச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பங்கு. சாப்பிடுவதா, சாப்பிட்டால் எவ்வளவு என்பது குழந்தையின் பங்கு. உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் இன்று பெற்றோருக்குச் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நம் வீடுகளில் பங்கு தலைகீழாக இருக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்கிறோம். எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

எங்கள் வீட்டில் மதியம் தரையில் ஒரு பழைய விரிப்பு. அதன் மேல் விளிம்பு உயர்ந்த சின்னத் தட்டு. பருப்புச் சாதம் இரண்டு கைப்பிடி, பக்கத்தில் மசித்த கேரட், நானும் எதிரே என் தட்டோடு. என் மகள் முதலில் தாளித்த கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைப்பாள். கறிவேப்பிலையை எடுத்து என் தட்டில் போடுவாள். பிறகு ஐந்து விரலாலும் அள்ளுவாள்; பாதி வாய்க்குப் போகும், பாதி முழங்கைக்கு வழியும், கொஞ்சம் தலைமுடியில் ஒட்டும். நடுவில் ஒரு பிடியை என் வாய்க்கு நீட்டுவாள். இருபது நிமிடத்தில் தட்டைத் தள்ளிவிடுவாள். அதோடு முடிந்தது. சில நாள் தட்டு காலி, சில நாள் நான்கு பிடிதான். அடுத்தது நான்கு மணிக்கு. நடுவில் தண்ணீர் மட்டும்.

துடைக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்குப் பாண்டியன் அறிவுடைநம்பியை நினைவூட்ட ஆசை. புறநானூற்றின் 188-ஆவது பாட்டு அவருடையது. குறுகுறு நடை நடந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவர்க்கு, எத்தனை செல்வம் இருந்தாலும் வாழ்நாளில் பயன் இல்லை என்கிறார் அந்த அரசர். ஒழுங்காக ஊட்டப்படும் பிள்ளையை அவர் பாடவில்லை. தட்டில் கை விட்டுச் சிந்தும் பிள்ளையைத்தான் பாடினார்.

புதிய காய் ஒன்றை முதல் தடவை துப்பினால் "அவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இந்த வயதில் புதிய சுவையைக் கண்டு தயங்குவது இயல்பு. பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும், தட்டின் ஓரத்தில் சிறு துண்டாக வந்து போன பிறகுதான் வாய்க்குப் போகும். நாம் பேசாமல் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் போதும். "கீரை தின்றால் சாக்லேட்" என்ற பேரம் வேண்டாம். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை பாடம் படித்துவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? மாதா மாதம் எடை பாருங்கள். அதற்காகத்தான் அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை அவை. அங்கே எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள்; சத்துமாவும் கொடுப்பார்கள். அதை வாங்கிக் கஞ்சியாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து கொடுங்கள். அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட மெலிவாக இருந்தாலும் பயமில்லை. கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ, பிள்ளை வெளுத்துச் சோர்ந்து இருந்தாலோ, மண்ணைத் தின்றாலோ, அடிக்கடி வாந்தி பேதி என்றாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ ஒரு பிள்ளையைப் பார்த்ததும், "என்னம்மா, சாப்பாடு போடுறியா இல்லையா, எலும்பும் தோலுமா இருக்கானே" என்று அதன் தாயிடம் கேட்காதீர்கள். அன்பில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அன்று இரவு அந்தப் பெண் கிண்ணத்தோடு உட்காரும்போது, உங்கள் வார்த்தைதான் பிள்ளையின் வாயில் திணிக்கப்படுகிறது. அவளைக் கேள்வி கேட்பதை விட்டு, தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் நீங்களும் சம்மணம் போட்டு உட்காருங்கள், பேரப்பிள்ளை சிந்தினால் சிந்தட்டும். பிள்ளைகளின் அப்பாக்களே, விரிப்பை உதறுவதும் தரையைத் துடைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.