ஐயத்திற்குரியவர் யார்? ‘கானூன்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

(திரையிடலை அடுத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்றுமுன் நாம் பார்த்து முடித்த ‘கானூன்’ 1960ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தித் திரைப்படம். இயக்கியவர் பி.ஆர்.சோப்ரா. பாடல்களே இந்திப் படங்களின் உயிர் என்று கருதப்பட்ட காலத்தில் ஒரு பாடல்கூட இல்லாமல் எடுக்கப்பட்ட படம் இது. இதற்குப் பின்னணி இசை அமைத்தவர் சலீல் சௌத்ரி. வங்கத்து உழவர் எழுச்சிக்குப் பாடல்கள் இயற்றி, இப்டா என்னும் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழியாக அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசென்ற அதே சலீல் சௌத்ரிதான். ஆனால் அந்த ஒரு காரணத்தால் இது நம்முடைய படமாகிவிடாது. இதில் நாம் ஏற்கவேண்டியதும் உண்டு; மறுத்துப் பேசவேண்டியதும் உண்டு.

கதையை ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். நீதிபதி பத்ரி பிரசாத்தின் மகன் வட்டிக்காரர் ஒருவரிடம் சிக்கிக்கொள்கிறான். அவனுக்காகப் பேசச் சென்ற இளம் வழக்கறிஞர் கைலாஷ், மறைந்திருந்த நிலையில் அந்த வட்டிக்காரர் கொலை செய்யப்படுவதைப் பார்த்துவிடுகிறார். அவர் கண்ட கொலையாளியின் முகம் பத்ரி பிரசாத்தின் முகம். கைலாஷ் மணக்கவிருக்கும் பெண்ணின் தந்தை முகம். பின்னர் அதே வீட்டிற்குத் திருடச் சென்ற ஏழை காலியா பிடிபடுகிறான். கொலைப்பழி அவன்மீது விழுகிறது. வழக்கை விசாரிக்க அமர்பவரோ பத்ரி பிரசாத். கைலாஷ் காலியாவுக்காக வாதாட எழுகிறார். இறுதியில், நீதிபதியைப் போலவே அச்சு அசலாகத் தோன்றும் வேறொருவனே கொலையாளி என்பது தெரியவருகிறது.

இப்படத்தில் நாம் எளிதில் நம்ப முடியாத குற்றவாளி யார்? பத்ரி பிரசாத். அவர் நீதிபதி, கல்விமான், பண்பாளர். அவர் கொலை செய்தார் என்று கைலாஷ் கூறும்போது நீதிமன்றம் திடுக்கிடுகிறது, நாமும் திடுக்கிடுகிறோம். காலியா கைது செய்யப்பட்டபோது யாரும் திடுக்கிடவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அவன் திருடன், கந்தல் உடுத்தியவன், ஆகவே கொலையும் செய்திருப்பான் என்று ஊர் நம்புகிறது, காவல்துறை நம்புகிறது. ஒருவர் ஐயத்திற்குரியவரா இல்லையா என்பது சாட்சியம் பேசுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுப்பது சட்டமன்று, வர்க்கம். இந்தத் துப்பறியும் கதைக்குள் பொதிந்திருக்கும் உண்மை இதுவே என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றியும் கூற விரும்புகிறேன். இந்தி, உருது மொழிகளில் ‘முல்ஜிம்’, ‘முஜ்ரிம்’ என இரண்டு சொற்கள் உண்டு. முன்னது குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும். பின்னது குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரைக் குறிக்கும். நம் நாளிதழ்களைப் பாருங்கள். கைதான மறுநாளே ‘குற்றவாளி சிக்கினார்’ என்று எழுதுகின்றன. காவல் நிலைய ஆவணங்களிலோ குற்றம் சாட்டப்பட்டவர் ‘எதிரி’. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பது நீளமான தொடர்தான். பத்தி முழுவதும் அதைத் திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்பூட்டும். ஆயினும் அந்த நீளத்திற்குள் ஒரு மனிதனின் உயிர் அடங்கியிருக்கிறது. சுருக்கம் கருதி அதை நாம் வெட்டும்போது, தீர்ப்பை நாமே எழுதிவிடுகிறோம்.

இனி இப்படம் தோன்றிய காலத்திற்கு வருவோம். கொலைக் குற்றத்திற்கு மரண தண்டனை விதிக்காத நீதிபதி, ஏன் விதிக்கவில்லை என்று காரணம் எழுதவேண்டும் என்பது காலனியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. அந்த விதி 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. 1958இல் மாநிலங்களவையில் மரண தண்டனையை ஒழிக்கக் கோரும் தீர்மானம் ஒன்று முன்மொழியப்பட்டது. அதை முன்மொழிந்தவர் நியமன உறுப்பினராக இருந்த நடிகர் பிருத்விராஜ் கபூர். விவாதத்திற்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ‘கானூன்’ அதே கேள்வியை வெகுமக்களின் திரையரங்கிற்குக் கொண்டுவந்தது. நேர்மையான சாட்சியின் கண்ணும் ஏமாறும். ஏமாந்த கண்ணை நம்பித் தூக்கிலிட்டால் போன உயிர் மீளாது. இதுவே படத்தின் வாதம். பொய்ச்சாட்சியை வில்லனாக்கி எளிதில் முடித்திருக்கக்கூடிய கதையில், மனச்சான்றுள்ள ஒருவரின் பிழையை நடுவில் வைத்தது சோப்ராவின் துணிவு.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி நடத்தியதும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வாதம்தான். சான்று காட்டினாள், வழக்கில் வென்றாள். ஆனால் அவள் அரசவைக்கு வரும் முன்பே கோவலன் வெட்டுண்டு கிடந்தான். வழக்குரை, கொலைக்குப் பின் வந்தது. மரண தண்டனையை எதிர்ப்போரின் முதன்மையான காரணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

எனினும் படத்தின் முடிவோடு நான் உடன்படவில்லை. உருவ ஒற்றுமை என்பது ஆயிரத்தில் ஒருமுறைகூட நிகழாத தற்செயல். அந்தத் தற்செயலின் மீது பிழை முழுவதையும் ஏற்றிவிடுவதால், காலியாவைப் பிடித்த காவல்துறை கேள்விக்குள்ளாகவில்லை. நீதிபதி மாசற்றவராக மீள்கிறார். நீதிமன்றத்தின் மாண்பும் மீள்கிறது. காலியா பிழைத்தது எப்படி? கொலையை நேரில் கண்டவர் ஒரு வழக்கறிஞராக இருந்தார். அவருக்கு மனச்சான்றும் இருந்தது. இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் காலியாவைக் காப்பாற்ற அந்தச் சட்டப் புத்தகத்தில் எதுவும் இல்லை. உண்மை வாழ்க்கையில் பிழை தற்செயலாக நேர்வதில்லை. அது பெரும்பாலும் ஒரே திசையில், ஏழையை நோக்கியே நேர்கிறது.

மகாராட்டிரத்தில் 2003ஆம் ஆண்டு கொடிய கொள்ளை ஒன்று நடந்தது. ஐவர் கொல்லப்பட்டனர், பாலியல் வன்கொடுமையும் நிகழ்ந்தது. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஏழைக் கூலித் தொழிலாளர்கள் ஆறு பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அறுவருக்கும் மரண தண்டனை என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2019 மார்ச் மாதத்தில், அதே உச்ச நீதிமன்றம் அந்த அறுவரையும் விடுதலை செய்தது. காரணம் என்ன? உயிர் தப்பிய பெண், சம்பவத்தை அடுத்து, காவல்துறையின் படத்தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வர் குறித்து முறையான புலனாய்வே நடக்கவில்லை. விடுதலையானவர்கள் அடித்தட்டுச் சமூகத்தினர், ஏழைகள் என்பதால் பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கும் வாய்ப்பை மறுக்க இயலாது என்று நீதிமன்றமே கூறியது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அவர்கள் சிறையில் கழித்தவை ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

பெருங்கொடுமைக்கு உள்ளான அந்தப் பெண்ணின் மீது இதில் எந்தக் குறையும் இல்லை. முதல் நாளில் அவர் சொன்னதை ஒதுக்கிவைத்தது அரசு எந்திரம். நாடோடிச் சமூகங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் என முத்திரையிட்ட 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, அதை இயக்கிய மனப்பாங்கு காவல் நிலையத்தை விட்டுப் போகவில்லை.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். மரண தண்டனை ஏழைகளையே தாக்குகிறது என்பதை நீதிபதி பி.என்.பகவதி, பச்சன் சிங் வழக்கில் 1982இல் வழங்கிய தம் மாறுபட்ட தீர்ப்பில் அன்றே எழுதியிருந்தார். பெரும்பான்மைத் தீர்ப்போ 1980இலேயே ‘அரிதினும் அரிதான’ வழக்குகளுக்கு அதைத் தக்கவைத்துக்கொண்டது. பயங்கரவாதம் தொடர்பான குற்றங்கள் நீங்கலாகப் பிறவற்றுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் குறையவில்லை, கூடியிருக்கிறது.

தோழர்களே, இறுதியாக, நமக்குள் பேசிக்கொள்ளவேண்டிய ஒன்று. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, கொடிய பாலியல் வன்கொலையில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். மக்கள் பூமாரி பொழிந்தனர், இனிப்பு வழங்கினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டது என்று பின்னர் அறிக்கை தந்தது. அங்கு வழக்கறிஞர் இல்லை, சாட்சி விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. அன்றைய மகிழ்ச்சிக் குரல்கள் நம் அணிகளுக்குள்ளும் எழாமல் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் மீதான பரிவிலிருந்து எழுந்த சினம் அது, அச்சினம் நியாயமானது. ஆனால் விசாரணையின்றிச் சுடும் அதிகாரத்தை இன்று கைதட்டிக் கொடுத்தால், நாளை அது நிலத்திற்காகப் போராடும் ஆதிவாசியின் மீதும், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியின் மீதும் திரும்பும். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது குற்றத்திற்காக வாதாடுவதன்று. பாதிக்கப்பட்டவருக்கும் அதுவே உண்மையான காவல். தவறான ஆள் தண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உண்மைக் குற்றவாளி தப்பிவிடுகிறான்.

நாம் செய்யக்கூடியது என்ன? ‘கானூன்’ வெளிவந்தபோது இலவசச் சட்ட உதவி அரசியலமைப்பில் இடம்பெற்றிருக்கவில்லை. 39ஏ பிரிவு 1976இல்தான் சேர்ந்தது. இன்று சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அந்த அறுவரின் வழக்கு தொடக்க நாட்களிலேயே தடம் புரண்டது. நம் கிளைகள் கண்விழித்திருக்கவேண்டியது அந்த நாட்களில்தான். நம் பகுதியில் ஓர் ஏழை கைதானால், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்று கேட்க ஒருவர் செல்லவேண்டும். அழைத்தால் வரக்கூடிய வழக்கறிஞர் ஒருவரின் தொலைபேசி எண் ஒவ்வொரு கிளைச் செயலாளரிடமும் இருக்கவேண்டும். குடும்பத்தினருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் காட்டவேண்டும். மனு எழுத உதவவேண்டும்.

திரையில் காலியாவைக் காப்பாற்ற ஒரு தற்செயல் தேவைப்பட்டது. நம் ஊரின் காலியாவுக்கு ஓர் அமைப்பு தேவை. அந்த அமைப்பாக இருப்பதற்கு நாம் அணியமா என்பதே இங்கு விவாதிக்கவேண்டிய கேள்வி. தோழர்கள் தங்கள் கருத்துகளைக் கூறுமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.