வெள்ளிதோறும் ட்ரம்மைக் கழுவுவோம்



மஃரிபுக்குப் பிறகு ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாசலில் உட்கார முடியவில்லை. பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் சாக்கடையில் வளர்வது இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும்; அது வளர்வது நம் வீட்டு நல்ல தண்ணீரில். சென்னையில் மலேரியா கொசுவும் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டையிடுகிறது.

லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் நம்மால் வாழ முடியாது. பிடித்து வைப்போம், ட்ரம்மின் வாயைப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டுவோம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வெள்ளிதோறும் மிச்சத் தண்ணீரைத் துணி துவைக்க எடுத்துவிட்டு, ட்ரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவோம். வெறுமனே கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மாடித் தொட்டியை மூடுவோம். பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடுவோம். தனியாக வாழும் மூத்தவர்களின் ட்ரம்மை இளைஞர்கள் கழுவிக் கொடுக்க வேண்டும். நம் வீட்டில் பிறக்கும் கொசு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். இது அண்டை வீட்டாரின் ஹக்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் ஸ்டான்லி மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக. ஆமீன்.