இரசவாதமும் அணுவின் அரை ஆயுளும்
(நன்னிலத்தில் பேசியது)



ஒரு பொருள் மற்றொரு பொருளாக மாறுமா, மாறுமென்றால் அதற்குக் கணக்கு உண்டா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது ஏதோ பட்டணத்துப் படிப்பாளிகள் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அறுவடை முடிந்து கையில் நாலு காசு நடமாடும் சமயம் பார்த்து, செம்பைப் பொன்னாக்குகிறேன், ஒரு பவுனை இரண்டு பவுனாக்குகிறேன் என்று வருகிறவர்களுக்கு இந்தக் காவிரிப் பாசனத்து ஊர்களில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பச்சிலை என்பான், பாதரசம் என்பான், மந்திரம் என்பான். கரித்துண்டுக்குள்ளேயோ, கிளறுகிற குழலுக்குள்ளேயோ ஒளித்து வைத்த துளிப் பொன்னை உருக்கிக் காட்டி நம்ப வைப்பான். பிறகு வீட்டுப் பெண்களின் தாலிப்பொன் வரை வாங்கிக்கொண்டு இரவோடிரவாய்ப் போய்விடுவான். பொன் செய்யத் தெரிந்தவனுக்கு நம்முடைய ஒரு பவுன் எதற்கு என்று கேட்டிருந்தால் போதாதா?

நிற்க. பொருள் மாறுவதே பொய்யா என்றால், பொய்யல்ல. மாறுகிறது. ஆனால் எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். செம்பின் உட்கருவில் 29 புரோட்டான்கள், தங்கத்தில் 79, பாதரசத்தில் 80. இந்த எண்ணிக்கை மாறினால்தான் பொருள் மாறும். உலையில் எத்தனை துருத்தி ஊதினாலும், நெருப்பின் வலு அணுவின் வெளிப்புறத்து எலக்ட்ரான்களோடு நின்றுவிடும். உட்கருவை அசைக்க அதைப்போலப் பல லட்சம் மடங்கு வலு வேண்டும். பச்சிலைச் சாற்றுக்கு அந்த வலு ஏது?

1902-ம் ஆண்டில் ரூதர்போர்டு, சாடி என்ற இருவர் தோரியம் தானாகவே வேறு பொருளாக மாறி வருகிறது என்று காட்டினார்கள். நைட்ரஜன் அணுவைத் தாக்கி ஆக்சிஜனாக மாற்றிய சோதனையை 1919-ல் ரூதர்போர்டு வெளியிட்டார். 1941-ல் அமெரிக்காவில் பாதரசத்திலிருந்து தங்கமே செய்தார்கள். ஆனால் அது சில நாட்களில் தேய்ந்துபோகிற கதிரியக்கத் தங்கம். ஐரோப்பாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 2015 முதல் 2018 வரை ஈயத்திலிருந்து உண்டான தங்கம் எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் 29 பங்கு! அதுவும் கண் இமைக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. உலகத்து எந்திரமெல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் என்றால், சாமியாரின் சட்டியில் பவுன் எப்படி விளையும்?

நம் நாட்டிலேயே உண்மையான இரசவாதம் நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அணுஉலைக்குள் தோரியம் ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டால் தோரியம்-233 ஆகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 22 நிமிஷம். அது புரோட்டாக்டினியம்-233 ஆகிறது. அதற்கு 27 நாள். அது யுரேனியம்-233 ஆகிறது. அதற்குச் சுமார் 1,60,000 வருஷம். இந்த யுரேனியத்தை எரிபொருளாகக் கொண்டே கல்பாக்கத்துக் காமினி என்ற சிறு உலை 1996-ல் இயங்கத் தொடங்கிற்று.

அரை ஆயுள் என்றால் என்ன? களத்தில் 64 மரக்கால் நெல் குவித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 27 நாளில் பாதி போய் 32 மரக்கால் மிஞ்சுகிறது. அப்படியானால் 54 நாளில் முழுவதும் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதுதான் இல்லை. மிஞ்சியதில்தான் பாதி போகும். 54-ம் நாள் 16, 81-ம் நாள் 8, 108-ம் நாள் 4. இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டால் அரை ஆயுளைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பொருளிலிருந்து கருவியில் நிமிஷத்துக்கு 800 துடிப்பு விழுகிறது. 24 நாள் கழித்து 100 விழுகிறது. 800, 400, 200, 100 என்று மூன்று முறை பாதியாயிற்று. ஆகவே அரை ஆயுள் 8 நாள். கழுத்துச் சுரப்பி நோய்க்கு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் அயோடின்-131 இப்படிப்பட்டதே.

தோரியத்துக்கோ அரை ஆயுள் சுமார் 1,400 கோடி வருஷம். யார் காத்திருந்து பார்த்தது என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். ஒரு கிராம் தோரியத்தில் உள்ள அணுக்கள் 26 போட்டு இருபது சைபர். அதில் ஒரு விநாடிக்குச் சிதைபவை சுமார் 4,060. அணுக்களின் தொகையை 0.693-ஆல் பெருக்கி, 4,060-ஆல் வகுத்தால் விநாடிக் கணக்கு வரும். அதை வருஷமாக்கினால் 1,400 கோடி. காத்திருக்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

இதில் இன்னொன்றும் உண்டு. குறிப்பிட்ட ஓர் அணு எப்போது மாறும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்வதில்லை. சொல்ல முடியாது என்றே ஒப்புக்கொள்கிறான். கோடானுகோடி அணுக்களில் எவ்வளவு மாறும் என்பதை மட்டும் தவறாமல் சொல்கிறான். நம் ஜோசியனோ ஒவ்வொருவர் சாவுக்கும் நாள் குறிக்கிறான்!

தோழர்களே! கல்பாக்கமும் கூடங்குளமும் உள்ள நாட்டில் நாம் வாழ்கிறோம். உலைக் கழிவிலுள்ள சீசியம்-137-க்கு அரை ஆயுள் 30 வருஷம். பத்து அரை ஆயுள் கழிந்து சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 வருஷம் ஆகும். புளுட்டோனியம்-239-க்கோ ஒரு அரை ஆயுளே சுமார் 24,000 வருஷம். அதை எங்கே வைப்பது, யார் காவல் காப்பது என்று கேட்கும் உரிமை நமக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் கணக்குத் தெரியாதவன் கேள்வியை யார் மதிப்பார்கள்? பயமுறுத்துகிறவனிடம் பயந்தும், பயமேயில்லை என்கிறவனிடம் தலையாட்டியும் இருப்பது, சட்டிச் சாமியாரிடம் தாலிப்பொன்னைக் கொடுத்ததற்கு எந்த விதத்தில் மேல்? ஆகவே யார் வந்து எதைச் சொன்னாலும், எவ்வளவு, எத்தனை நாள், எப்படித் தெரியும் என்று இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, பிறகு நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.