கவிதை எழுதிய நவார் அரசி

கவிஞர் நிறைந்த இம்மன்றத்தில், தாம் எழுதிய கவிதை நூலுக்காகவே குற்றவாளியெனக் கருதப்பட்ட ஓர் அரசியை நினைவுகூர்தல் தகும்.

மார்கரீத் 1492இல் அங்குலேம் நகரில் பிறந்தார். பெயரின் பொருள் முத்து. அவர் தம்பி பிரான்சுவா 1515இல் பிரெஞ்சு மன்னரானார். 1525இல் பவியாப் போரில் சிறைப்பட்ட மன்னர் மத்ரீத் நகரில் நோயுற்றுக் கிடந்தபோது, அங்கே சென்று பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் விடுதலை குறித்துப் பேசியவர் இத்தமக்கையே. பேச்சு அப்போது பலிக்கவில்லை. 1527இல் நவார் மன்னரை மணந்து அரசியானார். எனினும் அவரது செல்வாக்கின் வேர் கணவரின் சிற்றரசில் அன்று, தம்பியின் அன்பிலேயே இருந்தது.

அவ்வன்பு அருகிலிருந்தால் மட்டுமே காக்கும். அரசி முன்னர் காத்த அறிஞர் பெர்க்கேன், மன்னர் பாரிஸில் இல்லாத வேளையில், 1529இல் சமயக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார்.

1531இல் அரசியின் 'பாவ ஆன்மாவின் கண்ணாடி' அச்சேறியது. இறைவனுக்கு மகளாய், தாயாய், தமக்கையாய், மனையாளாய் நின்று ஓர் ஆன்மா உருகும் நூல் அது. புனிதர்களின் பரிந்துரைக்கு அதில் இடமில்லை. பாரிஸ் இறையியல் பீடத்தார் 1533இல் அதைக் கண்டனத்திற்குரிய நூல்களோடு சேர்த்தனர். மன்னர் விளக்கம் கேட்டார், பீடத்தார் பின்வாங்கினர். காத்தது கவிதையின் தகுதியன்று, உடன்பிறப்பின் சினமே!

அதே 1533இல் இங்கிலாந்தில் பிறந்த எலிசபெத், பதினொன்றாம் வயதில் அந்நூலை ஆங்கில உரைநடையாக்கி, தம் கையாலேயே எழுதி, சிற்றன்னை கேத்தரின் பாருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார்.