உயிரணுவுக்குள் ஓர் உஷ்ணமானி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காய்ச்சல் கண்டால் உஷ்ணமானியை நாடுகிறோம். அது காட்டுவது உடலின் உஷ்ணம். அவ்வுடலிலுள்ள கோடானுகோடி உயிரணுக்களுள் ஒன்றே ஒன்றின் உஷ்ணத்தை எவ்வாறு அறிவது? அதற்குள் நுழையக்கூடிய உஷ்ணமானி வேண்டுமன்றோ?

விடை வைரத்தில் கிடைத்தது. வைரம் என்பது கார்பன் அணுக்களின் ஒழுங்கான அடுக்கு. அவ்வடுக்கில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அணு அமர்ந்து, அதனை அடுத்த இடம் காலியாக இருப்பதுண்டு. தூய்மைக்கு அது குறையே. ஆயினும் அக்குறையே இங்கே கருவியாகிறது. பச்சை லேசர் ஒளி பட்டால் அவ்விடம் சிவப்பாக ஒளிரும். (வைரத்தின் ஒளிர்வை நம் சர் சி. வி. இராமன் 1940-களில் பெங்களூரில் ஆராய்ந்தார் என்பது நமக்குப் பெருமை.) அதன்மீது நுண்ணலைகளைச் செலுத்தினால், வினாடிக்கு ஏறத்தாழ 287 கோடி அதிர்வுகள் என்னும் நிலையில் அவ்வொளி சற்று மங்கும். உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அவ்வெண் சுமார் 74,000 குறையும். இக்குறைவே உஷ்ணத்தின் அளவாகும்.

2013-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மிகைல் லூகின் முதலியோர், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே உள்ள வைரத்துகள்களையும், பொன் துகள்களையும் மனித உயிரணு ஒன்றனுள் செலுத்தினர். பொன்னை லேசரால் சூடேற்றி, உயிரணுவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் உஷ்ணம் வேறுபடுவதை வைரங்களைக் கொண்டு அளந்தனர். சூட்டை மிகுத்தபோது உயிரணு மடிந்தது. புற்றுநோய் அணுக்களைச் சூட்டால் அழிக்க முயலும் மருத்துவருக்கு, எவ்வளவு சூடு போதும் என்னும் அளவு இன்றியமையாததன்றோ?

இனி, வெளியிலிருந்து சூடேற்றாதபோது உயிரணு தானே எவ்வளவு உஷ்ணமடைகிறது? ஒளிரும் சாயங்களைக் கொண்டு அளந்த சிலர், ஒரு டிகிரி அளவுக்கும் வேறுபாடு உண்டென்றனர். 2014-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதனை மறுத்தனர். உயிரணுவில் பிறக்கும் வெப்பம் சுற்றியுள்ள நீரில் விரைந்து பரவிவிடும்; ஆதலால் ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்களவே ஏறக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினர். அளவைக்கும் கணக்குக்கும் இடையே லட்சம் மடங்கு வேறுபாடு!

சாயங்கள் சூழ்ந்துள்ள உப்பாலும் அமிலத்தாலும் மாறக்கூடியவை. வைரம் அவற்றுக்கு எளிதில் இணங்காது. ஆயினும் காந்தப்புலத்தால் அதுவும் பாதிக்கப்படும். எனவே வைரத்தின் சாட்சியத்தையும் சோதித்தே ஏற்க வேண்டும்.

கருவியும் கணக்கும் முரண்படும்போது, ஒன்றை அவசரப்பட்டுத் தள்ளாமல் இரண்டையும் மீண்டும் சோதிப்பதே விஞ்ஞானம். நம் காலனிப் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்வார்களாக.